ஆமோஸ் 2:6 வருகிற ஞாயிறும் ஒரு கல்யாண வீடும்: சொல்வதா, தள்ளிவைப்பதா?

தென்கரை_உபதேசி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

நெல்லைப் பக்கம் ஒரு கிராமச் சபையில் ஊழியம் செய்கிறேன். எங்கள் போதகரான ஐயர் மாதத்தில் ஒரு ஞாயிறு நற்கருணைக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் என் பொறுப்பு. வேதாகமத்தில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தைத் தொடர்ச்சியாகப் பேசி வருகிறேன். இந்த வாரம் இரண்டாம் அதிகாரம். "நீதிமானைப் பணத்துக்கும், எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கும் விற்றுப்போட்டார்களே" என்ற இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. இந்த வசனம் எங்கள் சபையில் எதைத் தொடுகிறது என்று கேட்டு ஜெபித்தால் சீதனம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

சிக்கல் என்னவென்றால், இன்னும் இரண்டு வாரத்தில் எங்கள் கோயிலில் ஒரு கல்யாணம். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டுமே எங்கள் சபைதான். பேசி முடித்த ரொக்கத்துக்கும் பவுனுக்கும் பெண்ணின் அப்பா இருந்த ஒரே வயலை விற்றுவிட்டார். ஊருக்கே தெரியும். மாப்பிள்ளையின் அப்பா கோபுர வேலைக்குப் பெரிய தொகை கொடுத்தவர்.

நான் ஆமோஸ் பேசுவது தெரிந்து கமிட்டியில் ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்தார். "இந்த ரெண்டு வாரம் அன்பைப் பத்திப் பொதுவா பேசிட்டுப் போங்க உபதேசியாரே. கல்யாணம் முடியட்டும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. சபை உடைந்துவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு.

பிரசங்கத்தில் யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஆனாலும் எல்லாருக்கும் புரியும். இதைச் சொல்வது கீழ்ப்படிதலா, அல்லது என் வயசுக் கோபமா? தள்ளிவைப்பது ஞானமா, பயமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பனைமரச்சாலை

சொல்லுங்கள் தம்பி. யோசிக்கவே வேண்டாம்.

நீங்கள் பேசுகிற அதே ஆமோஸ் புத்தகத்தில் ஏழாம் அதிகாரத்தைப் பாருங்கள். பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா என்ன சொல்கிறான்? நீ யூதாவுக்குப் போய் அங்கே பேசு, இங்கே பேசாதே, இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம் என்கிறான். பேசவே கூடாது என்று அவன் சொல்லவில்லை. இங்கே வேண்டாம், இப்போது வேண்டாம் என்கிறான். உங்கள் கமிட்டிப் பெரியவரும் அதையேதான் கேட்கிறார். ஆமோஸ் கொடுத்த பதில்: நான் தீர்க்கதரிசியுமல்ல, தீர்க்கதரிசியின் புத்திரனுமல்ல, மந்தைமேய்ப்பன், கர்த்தர் போய்ச் சொல் என்றார். அவ்வளவுதான்.

"நாங்கள் கண்டவைகளையும் கேட்டவைகளையும் பேசாமலிருக்கக்கூடாதே" என்று ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று சொன்ன பேதுருவும் யோவானும் கல்வியறிவில்லாதவர்கள் என்று அந்தச் சங்கமே எண்ணியது. உங்களுக்காவது இறையியல் வகுப்பு இருக்கிறது.

சேகரக்_கணக்கு

பனைமரச்சாலை அண்ணன் சொல்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஒரு சேகரத்தின், அதாவது ஒரே ஐயரின் கீழுள்ள சபைகளின், கணக்கைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலாவது, மத்தேயு 18. உன் சகோதரன் குற்றம் செய்தால் நீயும் அவனும் தனித்திருக்கையில் உணர்த்து என்கிறார் ஆண்டவர். சபைக்குத் தெரியப்படுத்துவது அதற்கப்புறம், அதுவும் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்த பிறகு. தம்பி, நீங்கள் அந்த வீட்டு வாசலை மிதித்தீர்களா? பிரசங்க பீடத்தில் நின்றால் யாரும் திரும்பிப் பேச முடியாது. ஒரு வீட்டைக் குறித்த செய்தியை அங்கிருந்து சொல்வதற்குத் தைரியமே தேவையில்லை. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதற்குத்தான் வேண்டும்.

இரண்டாவது, தாவீது ராஜாவின் பாவத்தைக் கண்டிக்க நாத்தான் தீர்க்கதரிசி நேரில் போனார். எருசலேம் தெருவில் நின்று பேசவில்லை. "நீயே அந்த மனுஷன்" என்ற வார்த்தையை ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்னார்.

மூன்றாவது, உபதேசியார் இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். சபை அங்கேயே கிடக்கும். ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு அடுத்த தெருக் கூடுகைக்குப் போய்விட்டால் அதைத் திரும்ப ஒட்டவைப்பது யார்?

பனைமரச்சாலை

கணக்கு அண்ணன், நாத்தான் சரி. யோவான்ஸ்நானகன்? சகோதரன் மனைவியை வைத்துக்கொள்வது நியாயமல்ல என்று ஏரோதைப் பார்த்துச் சொன்னார். அதற்குத்தான் சிறை, அதற்குத்தான் தலை.

அதே காரணத்துக்காக நம் மண்ணிலேயே ஒருவர் தலை கொடுத்திருக்கிறார். நாம் சீர்திருத்த சபை என்பதால் அவரை அதிகம் பேசுவதில்லை. அருளானந்தர், போர்ச்சுகல் நாட்டு ஜான் டி பிரிட்டோ. மறவர் நாட்டில் 1686-இல் ஒருமுறை பிடித்துச் சித்திரவதை செய்து விட்டார்கள். ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டவர் அங்கேயே தங்கியிருக்கலாம். 1690-இல் திரும்பி வந்தார். தடியத்தேவர் என்ற சிற்றரசர் ஞானஸ்நானம் கேட்டபோது, ஒரு மனைவியோடு மட்டும் வாழ்வதாக இருந்தால்தான் தருவேன் என்று நின்றார். விலக்கப்பட்ட மனைவிகளில் ஒருத்தி சேதுபதி ராஜாவின் உறவு. அவள் போய் முறையிட, 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் தலை துண்டிக்கப்பட்டது. கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால் ஒரு சிற்றரசரும் அவர் ஜனமும் சேர்ந்திருப்பார்கள், தலையும் தப்பியிருக்கும். அவர் வளையவில்லை.

முத்துநகர்_அக்கா

நான் இந்த இழையில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

தம்பி, ஞாயிறு காலை நீங்கள் பீடத்தில் ஏறுகிறபோது அந்தப் பெண் எங்கே இருப்பாள்? பெண்கள் பக்கம், அம்மாவுக்குப் பக்கத்தில். நீங்கள் "விற்றுப்போட்டார்களே" என்று வாசித்ததும் கோயிலில் இருக்கிற அத்தனை தலையும் யார் பக்கம் திரும்பும் என்று நினைக்கிறீர்கள்? கோபுரத்துக்குப் பணம் கொடுத்தவர் பக்கமா? இல்லை. அவள் பக்கம். அவள் அப்பா பக்கம். வாங்கினவன் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான், விற்றவன்தான் தலை குனிவான். அந்த வயல் போனதற்குத் தானே காரணம் என்று ஏற்கெனவே இராத்திரியில் தூங்காமல் கிடக்கிறவள் அவள். இரண்டு வாரம் கழித்து அந்த வீட்டுக்குத்தான் அவள் வாழப் போகிறாள். உங்கள் பிரசங்கத்துக்கு அந்த வீட்டில் யார் பதில் சொல்வது? அவள்தான்.

அருளானந்தரைக் குறித்து அண்ணன் எழுதியதை மரியாதையோடு வாசித்தேன். ஆனால் விலக்கப்பட்ட மனைவிகள் என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். அவர்கள் எந்தத் தப்பும் செய்யாத பெண்கள். அவர்கள் எங்கே போனார்கள், எப்படிப் பிழைத்தார்கள் என்று யாராவது கேட்டோமா? சத்தியம் சொல்லப்பட வேண்டும், மறுக்கவில்லை. அது யார்மேல் விழுகிறது என்பதையும் சொல்கிறவர் பார்க்க வேண்டும் என்கிறேன்.

சீதனத்தை எதிர்த்துப் பிரசங்கம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிறேன். குடியைக் குறித்து, சினிமாவைக் குறித்து, பெண்கள் நகை போடுவதைக் குறித்து எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. மகனைப் பெற்றவர்களைப் பார்த்து, வாங்காதீர்கள் என்று ஒரே ஒரு பிரசங்கம் முழுதாகக் கேட்டதில்லை.

தென்கரை_உபதேசி

அக்கா, நீங்கள் எழுதியதை நேற்று இரவிலிருந்து திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். அந்தப் பிள்ளை ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவள். வசனம் அவள்மேல் விழும் என்பது என் யோசனையில் வரவே இல்லை.

அதே சமயம் இன்னொன்று. எங்கள் பக்கம் லெந்து என்ற தவக்காலம் முடிந்தால் கல்யாணம் தொடங்கிவிடும். இந்தக் கல்யாணம் போனால் அடுத்தது, அது போனால் அதற்கடுத்தது. எந்த ஞாயிறு எந்தப் பெண்ணும் உட்கார்ந்திருக்காத ஞாயிறு?

ஓய்வு_ஐயர்

கர்த்தருக்குள் பிரியமான தம்பி,

உங்கள் கேள்விக்கு ஆமோஸோடு கூட இன்னொரு பெத்தேல் கதையையும் வாசிக்கச் சொல்வேன். 1 இராஜாக்கள் 13. இளம் ஊழியர்களுக்கு வகுப்பு எடுத்த காலத்தில் நான் இந்த அதிகாரத்தை விட்டதே இல்லை. தேவனுடைய செய்தியைத் தைரியமாகச் சொன்ன ஒரு மனுஷன் அதிலே இருக்கிறான். அவன் பெயர்கூட நமக்குத் தெரியாது. யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷன், அவ்வளவுதான்.

யெரொபெயாம் ராஜா பலிபீடத்தண்டையில் தூபங்காட்ட நிற்கிறான். அவன் கட்டின பலிபீடம், அவன் ஏற்படுத்தின பண்டிகை. அந்த நேரத்தில் இவன் வந்து நிற்கிறான். யாரைப் பார்த்துப் பேசுகிறான் என்று கவனியுங்கள். "பலிபீடமே, பலிபீடமே" என்று கூப்பிடுகிறான். ராஜாவின் பிறப்பையோ குணத்தையோ தொடவில்லை. தனக்குக் கொடுக்கப்பட்டது பலிபீடத்தைக் குறித்த வார்த்தை, அதை மட்டும் சொன்னான். கூட ஒரு வசையும் இல்லை, குறைத்து ஒரு மழுப்பலும் இல்லை.

ராஜா கையை நீட்டி, அவனைப் பிடியுங்கள் என்கிறான். நீட்டின கை மரத்துப்போகிறது. நம்மில் பலர் அந்த இடத்தில் ஜெயித்துவிட்டோம் என்று இறங்கிப் போயிருப்போம். அவன் என்ன செய்தான்? ராஜா கெஞ்சினபோது அந்தக் கைக்காக ஜெபம் பண்ணினான். கை சுகமானது. யாருக்கு எதிராகப் பேசினானோ அவனுடைய கைக்காகவே ஜெபிக்கிறான். இதை நிறைய ஊழியக்காரர் கவனிப்பதில்லை. யாருடைய பாவத்தைக் கண்டிக்கிறோமோ அவருடைய பெயரைச் சொல்லி அந்த வாரம் நாம் முழங்காலில் நின்றோமா? நிற்காமல் பேசினால் அந்தப் பிரசங்கத்தில் நம்முடைய எரிச்சல் எவ்வளவு, கர்த்தருடைய வார்த்தை எவ்வளவு என்று நமக்கே தெரியாது.

பிறகு ராஜா சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறான், வெகுமானம் தருகிறேன் என்கிறான். "நீர் எனக்கு உம்முடைய வீட்டில் பாதி கொடுத்தாலும், நான் உம்மோடே வருவதில்லை" என்கிறான். அப்பம் புசியாமலும் தண்ணீர் குடியாமலும் போன வழியாய்த் திரும்பாமலும் வா என்பது அவனுக்குக் கிடைத்த கட்டளை. இங்கே நம் சபைகளின் வழக்கத்தை யோசியுங்கள். வெளியூர்ப் பிரசங்கியார் வந்தால் மத்தியானச் சாப்பாடு யார் வீட்டில்? அந்த ஊரில் வசதியான வீட்டில். இலை போட்டாயிற்று என்று தெரிந்த பிறகு பிரசங்கம் தானாகவே மெத்தென்று ஆகிவிடும். யாரும் மிரட்ட வேண்டியதில்லை.

அந்த மனுஷன் ராஜாவுக்குத் தப்பினான். விழுந்தது எங்கே? வழியில் ஒரு கிழவனான தீர்க்கதரிசியிடம். "உம்மைப்போல நானும் தீர்க்கதரிசிதான், தூதன் என்னிடம் சொன்னான்" என்று பொய் சொல்லிக் கூப்பிடுகிறான். இவன் நம்பித் திரும்பிப் போய்ச் சாப்பிட்டான். போகிற வழியில் சிங்கம் கொன்றது. ராஜாவுக்கு முன் அத்தனை தைரியமாக நின்றவன், தன் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு மூத்தவர் பேச்சுக்கு இணங்கிக் கட்டளையை விட்டுவிட்டான். தைரியமாகச் சொல்லி முடித்ததும் கீழ்ப்படிதல் முடிந்துவிடவில்லை என்பதை இந்த அதிகாரம் போல வேறெங்கும் நான் காணவில்லை.

நானும் ஒரு கிழவன்தான். ஆகையால் நான் சொல்வதையும் வேதத்தோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள்.

அபிஷேக_வயல்

ஐயாவுக்கு ஸ்தோத்திரம். நான் பெந்தெகொஸ்தே சபை. எங்கள் பார்வையில் ஒன்று சொல்கிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம்.

எசேக்கியேல் 3-இல் காவலாளனுக்கு என்ன சொல்லப்பட்டது? துன்மார்க்கனை எச்சரிக்காமல் விட்டால் அவன் தன் அக்கிரமத்திலே சாவான், அவன் இரத்தப்பழியை உன் கையிலே கேட்பேன். இதில் கல்யாணம் முடியட்டும் என்று எங்கே இருக்கிறது? ஆவியானவர் ஏவிவிட்டால் அந்த நிமிஷமே பேச வேண்டும். யோசிக்க உட்கார்ந்தால் மாம்சம் உள்ளே வந்துவிடும். எரேமியா அடக்கிப் பார்த்தார், எலும்புகளில் அடைபட்டு எரிகிற அக்கினி போல ஆகிவிட்டது.

ஓய்வு_ஐயர்

சகோதரர் எழுதினது வேத வாக்கியம். காவலாளன் வாயை மூடக் கூடாது, சரி. எரேமியாவையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அவரைவிடத் தைரியமாக நின்றவர் குறைவு.

28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்பவன் ஆலயத்தில் ஜனங்களுக்கு முன்பாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைக்கிறான். இரண்டு வருஷத்தில் பாபிலோனின் நுகத்தை இப்படி உடைப்பேன் என்று கர்த்தர் சொல்கிறார் என்கிறான். எல்லாருடைய கண்ணும் எரேமியாமேல். அந்த நேரத்தில் எரேமியா என்ன செய்தார்? "எரேமியா தீர்க்கதரிசி தன் வழியே போனான்." அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. பதில் வார்த்தை இன்னும் வரவில்லை, ஆகையால் போய்விட்டார். தோற்றுவிட்டான் என்று ஜனங்கள் நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார். பிற்பாடு வார்த்தை வந்தது, திரும்பிப் போய் அனனியாவின் முகத்துக்கு நேரே சொன்னார். 42-ஆம் அதிகாரத்திலும் அப்படியே. ஜனங்கள் வந்து கேட்கிறார்கள், பத்து நாளைக்குப் பிறகுதான் பதில் வருகிறது. வந்ததும், அவர்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தே ஒரு வார்த்தையும் மறைக்காமல் சொல்கிறார்.

அக்கினி எரிந்ததும் அதே மனுஷனுக்குத்தான், காத்திருந்ததும் அதே மனுஷன்தான்.

தம்பி, நீங்கள் கேட்டது ஞானமா பயமா என்று. ஒரு சோதனை சொல்கிறேன். எப்போது, யாரிடம், எந்த வார்த்தையில் என்று யோசிக்கிறீர்களா? அது நல்லது. சொல்லவே வேண்டியிராதபடி ஏதாவது நடந்துவிடாதா என்று மனது தேடுகிறதா? அது பயம். பயம் இருப்பதாலேயே வெட்கப்பட வேண்டாம். மிகுந்த பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதுகிறார். எபேசியருக்கு எழுதும்போது, நான் தைரியமாய்ப் பேச எனக்காக ஜெபியுங்கள் என்று சபையிடம் கேட்கிறார். அப்போஸ்தலர் 4-இல் மிரட்டப்பட்டு வந்த சீஷர்களும் ஒன்றாகக் கூடி, உம்முடைய வசனத்தை முழு தைரியத்தோடும் சொல்ல அருளும் என்றுதான் ஜெபித்தார்கள்.

வரலாற்று_வாசகன்

ஐயா கடைசியில் சொன்ன "ஒன்றாகக் கூடி" என்பதற்கு வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சம்பவம் இருக்கிறது. தமிழில் இதைக் குறித்து அதிகம் எழுதப்படவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1511 டிசம்பர் 21, கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு. கரீபியன் கடலில் ஹிஸ்பானியோலா தீவு, சாந்தோ தொமிங்கோ நகரம். ஸ்பானியர் அங்கே குடியேறி இருபது வருஷம்கூட ஆகவில்லை. தீவின் பூர்வீக தைனோ மக்களைக் குடியேறிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்து, தங்கச் சுரங்கத்திலும் தோட்டத்திலும் சாகும்வரை வேலை வாங்கினார்கள். அந்த ஏற்பாட்டுக்கு என்கொமியெண்டா என்று பெயர். டொமினிக்கன் துறவிகள் சிலர் 1510-இல் அங்கே வந்து சேர்ந்தார்கள், மூத்தவர் பேத்ரோ தெ கோர்தொபா. நடப்பதைக் கேட்டும் பார்த்தும் அறிந்த பிறகு, பேசாமல் இருந்தால் நாமும் பங்காளிகள் என்று முடிவெடுத்தார்கள்.

எப்படிப் பேசினார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். பிரசங்கத்தை எல்லாருமாகச் சேர்ந்து எழுதினார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். தங்களுக்குள் நன்றாகப் பேசக்கூடிய அந்தோனியோ தெ மொந்தேசினோஸை பீடத்தில் ஏற்றினார்கள். பெரிய மனிதர்கள் அத்தனை பேரையும் முன்கூட்டியே வரச் சொன்னார்கள். கொலம்பஸின் மகனும் அப்போதைய ஆளுநருமான தியேகோ கொலம்பஸும் உட்கார்ந்திருந்தார். "வனாந்தரத்திலே கூப்பிடுகிறவனுடைய சத்தம்" என்பதை வைத்துப் பேசினார் மொந்தேசினோஸ். எந்த உரிமையில், எந்த நீதியில் இந்த மக்களை அடிமைப்படுத்தினீர்கள்? இவர்கள் மனிதர் இல்லையா? இவர்களுக்கு ஆத்துமா இல்லையா? உங்களைப்போல் இவர்களை நேசிக்க நீங்கள் கடன்பட்டவர்கள் இல்லையா? இந்த நிலையில் நீங்கள் எல்லாரும் சாவுக்கேதுவான பாவத்தில் இருக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

அன்றைக்கே ஆளுநரும் மற்றவர்களும் மடத்துக்குப் போய், அந்த ஆளைக் கூப்பிடுங்கள் என்று சத்தம் போட்டார்கள். மூத்தவர் கோர்தொபா, அவர் பேசினது எங்கள் எல்லாருடைய பேச்சும் என்றார். அடுத்த ஞாயிறு வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிறு கோயில் நிரம்பி வழிந்தது. மொந்தேசினோஸ் யோபு புத்தகத்திலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, போன வாரம் சொன்னதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னார். இனி உங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க மாட்டோம் என்றும் சேர்த்தார்.

ராஜா பெர்தினாந்து கோபப்பட்டார். ஸ்பெயினில் இருந்த சொந்த சபை மேலாளரே கண்டித்து எழுதினார். 1512-இல் புர்கோஸ் சட்டங்கள் வந்தன. பூர்வீக மக்களை நடத்துவதற்குச் சில கட்டுப்பாடுகள் வைத்தன, ஆனால் என்கொமியெண்டாவை ஒழிக்கவில்லை. அந்த ஞாயிறோடு யாரும் மாறிவிடவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அதே தீவுக் குடியேறிகளில் பர்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் என்ற குருவானவரும் ஒருவர். அவருக்கும் பங்காகக் கிடைத்த பூர்வீக மக்கள் இருந்தார்கள். பிரசங்கத்துக்குப் பிறகும் வைத்துக்கொண்டுதான் இருந்தார். 1514-இல் கியூபாவில் ஒரு பிரசங்கத்துக்குத் தயார் செய்யும்போது கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சீராக் ஆகமத்தின் 34-ஆம் அதிகாரத்தைப் படிக்கிறார். ஏழைகளின் பொருளிலிருந்து எடுத்துச் செலுத்தும் காணிக்கை, தகப்பன் கண் முன்னே மகனைக் கொல்வதற்குச் சமம் என்ற கருத்து அங்கே வருகிறது. அங்கேதான் உடைந்தார். தன்னிடம் இருந்தவர்களை விட்டுவிட்டு, வாழ்நாள் முழுவதும் அவர்களுக்காக வாதாடினார். அவரிடமும் இருட்டான பகுதி உண்டு. ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரச் சொன்ன காலம் ஒன்று இருந்தது, பின்னால் அதற்காக வருந்தினார். இன்றைக்கு அந்த 1511 பிரசங்கத்தின் வார்த்தைகள் நமக்குத் தெரிவதே லாஸ் காசாஸ் எழுதி வைத்ததால்தான்.

உபதேசியார் தம்பி, கோபுரத்துக்குக் கொடுத்த பணத்தைக் குறித்து நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தச் சீராக் வசனம்தான் நினைவுக்கு வந்தது.

சேகரக்_கணக்கு

வாசகன் தம்பி நல்ல சம்பவம் எழுதினார். எனக்கும் புதிது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். அவர்கள் துறவிகள். பெண்டாட்டி பிள்ளை கிடையாது, பள்ளிக்கூட ஃபீஸ் கிடையாது. நம் உபதேசியாருக்கு வீடு சபையுடையது. சம்பளம் சேகரத்திலிருந்து, அதுவும் காணிக்கை வந்தால்தான் நேரத்துக்குக் கிடைக்கும். அவர் வீட்டம்மா அந்த ஊர்த் தண்ணீர்க் குழாயில்தான் குடம் வைக்க வேண்டும். தைரியமாகப் பேசு என்று இணையத்தில் எழுதுகிற நாம் அந்தக் குழாயடியில் நிற்கப்போவதில்லை.

ஆகவே வாசகன் சொன்னதில் நான் எடுத்துக்கொள்வது அந்தக் கையெழுத்தைத்தான். தனியாகப் பேசக் கூடாது. ஐயருக்குத் தெரியாமல் பேசக் கூடாது. பீடத்தில் சொல்வதை ஐயர் முதலில் வாசித்து, இது எங்கள் இருவருடைய பேச்சும் என்று சொல்லத் தயாராக இருந்தால் அது வேறு. ஐயர் பின்வாங்கினால், குறைந்தபட்சம் யார் பக்கத்தில் நிற்பார் என்பதாவது முன்னாலேயே தெரியும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1961-ஆம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குவதும் கொடுப்பதும் கேட்பதும் குற்றம். கமிட்டிக்காரர்கள் நாங்கள் இதைத் தெரியாதவர்கள் போலவே கல்யாணப் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறோம்.

முத்துநகர்_அக்கா

கணக்கு அண்ணன் கடைசி வரியை எழுதியதற்கு நன்றி.

தம்பி, எந்த ஞாயிறு எந்தப் பெண்ணும் இல்லாத ஞாயிறு என்று கேட்டீர்களே. அப்படி ஒரு ஞாயிறு கிடையாது. ஆகையால் நாள் பார்த்து ஒதுங்க முடியாது, நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாரைப் பார்த்துப் பேசுகிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஐயா சொன்னாரே, அந்தத் தேவனுடைய மனுஷன் பலிபீடத்தைப் பார்த்துப் பேசினான் என்று. ஆமோஸும் விற்றவர்களைத்தான் திட்டுகிறார், விற்கப்பட்டவர்களை இல்லை.

பிரசங்கத்தில் பெண்ணைப் பெற்றவர் வயலை விற்ற கதை வரவே வேண்டாம். உதாரணத்துக்குக்கூட வேண்டாம். "பெண் பிள்ளை பாரம்" என்ற பேச்சும் வேண்டாம், பரிதாபப்பட்டுக்கூட. மகன்களைப் பெற்றவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். கல்யாண வயசில் இருக்கிற வாலிபர்களைப் பொதுவாக, வாலிபரே என்று கூப்பிட்டுச் சொல்லுங்கள்: உங்கள் அப்பா கேட்டார் என்று தப்பிக்க வேண்டாம், மணவறையில் நிற்கப்போவது நீங்கள். மாமியார்களாகப் போகிற அம்மாமார்களிடமும் சொல்லுங்கள், நீங்கள் கொண்டு வந்ததைக் கணக்குப் பார்த்தவர்கள் உங்களை எப்படி நடத்தினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வாங்கினவர்கள் திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறது என்று, வரி வசூலித்த சகேயுவைக் காட்டுங்கள். சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான், ஒரு வயலைத் திருப்பிக் கொடுப்பது முடியாத காரியமா?

அப்படிப் பேசினால் அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து உட்காரலாம். தனக்காக ஒருவர் பேசுகிறார் என்று தெரிந்தாவது அந்த வீட்டுக்குப் போவாள்.

தென்கரை_உபதேசி

எல்லாருக்கும் நன்றி. என் தீர்மானத்தை எழுதுகிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்.

ஆமோஸ் 2 இந்த ஞாயிறுதான். தள்ளிவைக்கவில்லை. எழுதி வைத்திருந்த பிரசங்கத்தில் பாதியை எடுத்துவிட்டேன். வயல் விற்றவர்களைக் குறித்து இருந்த பகுதி முழுவதும் போய்விட்டது. அக்கா சொன்னபடி மகனைப் பெற்றவர்களுக்கும் வாலிபருக்கும் எழுதுகிறேன்.

நாளை ஐயரைப் பார்த்துப் பிரசங்கத்தை வாசித்துக் காட்டுகிறேன். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறேன். முதலில் மாப்பிள்ளையிடம் தனியாகப் பேசுகிறேன். நல்ல பிள்ளை, கேட்பான் என்ற நம்பிக்கை இருக்கிறது. பிறகு அவன் அப்பாவிடம். கோயிலில் வைத்து முதல்முதலாகக் கேட்கிற நிலைமையில் அவரை விட மாட்டேன். சாப்பிடச் சொல்வார்கள், அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான். பேசி முடியும்வரை சாப்பிடப்போவதில்லை.

இந்த வாரம் காலை ஜெபத்தில் அவருடைய பெயரைச் சொல்லி ஜெபிக்கத் தொடங்கியிருக்கிறேன். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பனைமரச்சாலை

அவர் வீட்டில் வைத்து உங்களை அவமானப்படுத்தி அனுப்பிவிட்டால்? அப்போதும் ஞாயிறு பேசுவீர்களா?

தென்கரை_உபதேசி

பேசுவேன் அண்ணன். எழுதி வைத்ததை மட்டும். வெள்ளிக்கிழமை நடந்தது எதுவும் அதற்குள் வராது.

சேகரக்_கணக்கு

இந்த ஞாயிறு வேண்டாம் என்பது இன்னும் என் அபிப்பிராயம். மாற்றவில்லை. ஆனால் போகத்தான் போகிறீர்கள் என்றால் ஒரு காரியம் செய்யுங்கள்.

பிரசங்கத்தை முதலிலிருந்து கடைசிவரை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பிரதி. ஒன்றில் ஐயருடைய கையெழுத்தையும் தேதியையும் வாங்கி அவரிடமே கொடுத்துவிடுங்கள். பீடத்தில் அதைப் பார்த்தே வாசியுங்கள், வேகத்தில் ஒரு வார்த்தை கூடிவிடாமல். திங்கட்கிழமை கடைத்தெருவில் நீங்கள் பேசாத பிரசங்கம் ஒன்று சுற்றும். கமிட்டி கூடும்போது யாராவது, இவர் இன்னார் பெயரைச் சொன்னார் என்பார்கள். அப்போது அந்தக் காகிதத்தை மேஜைமேல் வையுங்கள். யோயாக்கீம் ராஜா எரேமியாவின் சுருளை எரித்தபோதும், அவர் சொல்லச் சொல்ல எழுதுகிற பாருக்கு திரும்ப உட்கார்ந்து எழுதினான்.

வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் ஜெபிப்போம்.

தென்கரை_உபதேசி

சாயங்காலம் ஆறரை, அண்ணன். அவர் கடையடைத்து வீட்டுக்கு வரும் நேரம்.